சில எபிசோடுகளுக்கு வந்தவர்கள்

அந்த எழுத்துப் பட்டறைக் காணொலியைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை. ஆனால் அதை என் பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டி, "உங்கள் துறையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்" என்று சிரிப்புப் பொம்மையும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் நேற்றிரவிலிருந்து கூடிக்கொண்டே போவதால், எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். பேசியவரின் பெயரை எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்கு இழப்பொன்றும் இல்லை. ஒரு தொடரில் ஓரமாக வந்த பாத்திரம் வளர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தால், எழுதியவரிடம் திட்டம் இல்லை என்று பொருள் என்பது அவருடைய கருத்து. நல்ல எழுத்தாளன் முதல் நாளே யார் எதுவரை என்று அளந்து வைத்திருப்பானாம். அப்படி வளர்ந்தவர்கள் எல்லாம் விபத்தில் வளர்ந்தவர்களாம். அதற்குச் சான்றாக ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரின் ஜெஸ்ஸி பிங்க்மனை எடுத்துக்கொண்டு, எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் உயிர் பிழைத்தவன் என்று அவர் முடித்தபோது அரங்கம் சிரித்தது. அதற்குப் பிறகு நம் ஊர்ச் சீரியல்களைப் பற்றி அவர் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் சான்றைப் பார்த்துவிடுவோம். ஜெஸ்ஸியை முதல் சீசனின் முடிவிலேயே கொன்றுவிடுவதுதான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் தொடக்க எண்ணம் என்பது உண்மை. வேதியியல் ஆசிரியரான வால்டர் வைட்டைப் போதைப்பொருள் தொழிலுக்குள் அழைத்துச் செல்ல ஓர் ஆள் தேவைப்பட்டான். அந்த வேலை முடிந்ததும் அவன் செத்து, அந்தச் சாவு வால்டரின் மனத்தை அரிக்கவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு ஒதுக்கப்பட்ட இடம். 2007 நவம்பரில் தொடங்கி 2008 பிப்ரவரி வரை அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், ஒன்பது எபிசோடுகளாக வரவேண்டிய முதல் சீசன் ஏழோடு நின்றுபோனதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லும் கதைதான் பொய். கில்லிகனே அதை மறுத்திருக்கிறார். ஜெஸ்ஸியாக நடித்த ஆரன் பாலின் நடிப்பைப் பார்த்து, இரண்டாவது எபிசோடுக்குள்ளாகவே இவனைக் கொல்வது பெருந்தவறாகிவிடும் என்று தமக்குப் புரிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே வேலைநிறுத்தம் வருவதற்கு முன்பே ஜெஸ்ஸி பிழைத்துவிட்டான். ஒரு நடிகர் தனக்குக் கொடுத்த சின்ன வேலையை முழுதாகச் செய்தார், எழுதுகிறவர் அதைக் கண்திறந்து பார்த்தார், அவன் பிழைத்தது அதனால்தான். அதே பாத்திரத்துக்காக ஆரன் பால் 2010, 2012, 2014 என்று மூன்று முறை, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். விபத்துக்கு யாரும் மூன்று முறை எம்மி கொடுப்பதில்லை.

சரி, ஜெஸ்ஸி முதல் எபிசோடிலேயே வந்தவன், அவனைச் சின்னப் பாத்திரம் என்று சொல்லமுடியாது என்பீர்கள். அப்படியானால் சால் குட்மனுக்கு வருவோம். இரண்டாவது சீசனின் எட்டாவது எபிசோடில், 2009இல், தொலைக்காட்சியில் மலிவான விளம்பரம் கொடுத்து ஆள் பிடிக்கும் வழக்கறிஞராக அவர் வந்தார். சில எபிசோடுகளுக்கு மட்டும் என்றுதான் அழைத்தார்கள். நடித்த பாப் ஓடன்கர்க் நகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சிகளுக்கு எழுதியும் நடித்தும் பெயர் வாங்கியவர். அந்த சீசனின் கடைசியில் ஜெஸ்ஸியின் காதலி ஜேன் இறந்து கிடக்கும் வீட்டுக்கு ஒருவர் வந்து, தடயங்களை அகற்றி, காவல்துறையிடம் என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பாடம் நடத்தவேண்டியிருந்தது. அது சாலுக்கு உரிய காட்சி. ஆனால் ஓடன்கர்க் அந்த நேரத்தில் வேறொரு தொடரில் நடிக்க ஒப்புக்கொண்டிருந்தார். கால்ஷீட் இல்லை. எனவே சால் அனுப்பிய ஆள் என்று சொல்லி ஜோனதன் பேங்க்ஸ் என்ற மூத்த நடிகரைக் கொண்டுவந்தார்கள். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் வந்து, அழுதுகொண்டிருக்கும் பையனை ஓர் அறை அறைந்து, சொல்லவேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துவிட்டுப் போனார் அவர். மைக் என்ற பாத்திரம் பிறந்தது அப்படித்தான்.

கால்ஷீட் கிடைக்காமல் போனது விபத்துதானே என்று கேட்டால், ஆம், விபத்துதான். ஆனால் கால்ஷீட் கிடைக்காத நாள் உலகத்தில் எல்லாத் தொடர்களுக்கும் வருகிறது. எல்லாத் தொடர்களிலும் மைக் பிறந்துவிடவில்லையே. அந்த ஒரு காட்சியோடு ஆளை அனுப்பிவிடாமல், இவர் யார், இப்படி இறுகிப்போகும் அளவுக்கு இவருக்கு என்ன நடந்திருக்கும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனைக்குப் பெயர் திட்டமின்மை என்றால் எனக்கு அந்தத் திட்டமின்மை போதும்.

இதைவிட எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. சால் முதன்முதலாக வரும் அதே எபிசோடில், முகமூடி போட்ட வால்டரும் ஜெஸ்ஸியும் அவரைப் பாலைவனத்துக்குக் கடத்திக்கொண்டு போய், வெட்டிவைத்த குழியின் முன்னால் மண்டியிட வைப்பார்கள். அவர்கள் யார் என்று தெரியாத சால், தான் செய்யவில்லை என்றும், செய்தது இக்னாசியோ என்றும், உங்களை லாலோ அனுப்பவில்லையா என்றும் பதறுவார். அவ்வளவுதான். இந்த இரண்டு பெயர்களுக்கும் ‘பிரேக்கிங் பேட்’ முடியும்வரை விளக்கமே கிடையாது. பயத்தில் ஒருவர் உளறிய பெயர்கள், போகிற போக்கில் எழுதியவை. அந்த எபிசோடை எழுதிய பீட்டர் கூல்டும் கில்லிகனும் சேர்ந்து 2015இல், சாலின் முன்கதையைச் சொல்லும் ‘பெட்டர் கால் சால்’ தொடரைத் தொடங்கியபோது, நாச்சோ வார்கா என்ற இளைஞனின் முழுப்பெயர் இக்னாசியோ என்று தெரிகிறது. 2018இல், நான்காவது சீசனில், டோனி டால்டன் புன்னகைத்துக்கொண்டே வந்து நிற்கிறார், லாலோ என்று. ஒரு வரி வசனத்துக்குள் உயிரில்லாமல் கிடந்த ஒரு பெயர் ஒன்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கதையுலகத்தின் மிகக் கொடிய மனிதனாக எழுந்து வருகிறது. பட்டறைக்காரரின் அளவுகோல்படி இதைவிடப் பெரிய தோல்வி இருக்கமுடியாது.

கிம் வெக்ஸ்லரை விட்டுவிட மனமில்லை. ‘பெட்டர் கால் சால்’ முதல் எபிசோடில் வழக்கறிஞரான அவர் வாகன நிறுத்துமிடத்தின் சுவரில் சாய்ந்து புகைபிடித்துக்கொண்டிருப்பார். ஜிம்மி (சால் என்று பெயர் மாற்றிக்கொள்ளப் போகிறவன்தான்) அவர் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பி வைப்பான். பேச்சு ஓரிரு வரிதான். ஆறு சீசன்கள் முடிந்து 2022இல் தொடர் நிறைவடைந்தபோது, அதைப் பார்த்த பலருக்கு ஜிம்மியை விடக் கிம்மின் கதி என்ன என்பதே பெரிய கவலையாக இருந்தது. கிம்மாக நடித்த ரியா சீஹார்னை நடுநாயகமாக வைத்தே கில்லிகன் 2025இல் ‘புளூரிபஸ்’ தொடரை எடுத்தார். ‘பிரேக்கிங் பேட்’ 62 எபிசோடுகள், அதன் ஓரத்தில் முளைத்த ‘பெட்டர் கால் சால்’ 63. (53 எம்மி பரிந்துரைகள் வாங்கி ஒரு விருதுகூடக் கிடைக்காமல் அது முடிந்ததைப் பற்றித் தனியாக ஒருநாள் புலம்பவேண்டும்.)

இப்போது நான் தள்ளிவைத்த அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். நம் ஊர்ச் சீரியல்களில் கதாநாயகிக்குக் கால்ஷீட் கிடைக்காவிட்டால் வேலைக்காரி கதாநாயகி ஆகிவிடுவாள் என்றார். கைதட்டல்.

நான் ஒரு மெகா சீரியலில் வசன உதவியாளனாக இருந்தேன் என்பது என் பக்கத்தில் இருக்கும் பழையவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு வேலைக்காரி இருந்தார். இரண்டு நாள் கால்ஷீட், தினக்கூலி, வசனம் கிடையாது. முன்னால் மாமியாரும் மருமகளும் சண்டை போடும்போது பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருக்கவேண்டும், அவ்வளவுதான் சீன் பேப்பரில் இருந்தது. சண்டை சூடாகும் இடத்தில் அந்த அம்மா தட்டுகளைச் சத்தம் வராமல் வைக்க ஆரம்பித்தார். ஒட்டுக்கேட்கிறாராம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மானிட்டரில் அதைப் பார்த்த எங்கள் வசனகர்த்தா அண்ணன், டேக் முடிந்ததும் இயக்குநரிடம் எதுவும் பேசாமல் என்னைக் கூப்பிட்டு, "அந்த அக்கா பேர் என்னன்னு கேட்டுட்டு வாடா" என்றார். அடுத்த ஷெட்யூலில் அவருக்கு ஒரு வரி வசனம் வந்தது. பிறகு, அந்த வீட்டின் பழைய ரகசியம் அவருக்குத் தெரியும் என்று ஒரு ட்ராக் வந்தது. சீரியல் முடியும்வரை அவர் இருந்தார். கதாநாயகி எல்லா நாளும் கால்ஷீட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார் என்பதையும் பதிவுசெய்து வைக்கிறேன்.

அண்ணன் அன்று மானிட்டரில் பார்த்ததும், கில்லிகன் ஜெஸ்ஸியிடம் பார்த்ததும் ஒரே காரியம். அங்கே செய்தால் அது இயல்பான வளர்ச்சி, பாத்திரம் எழுத்தாளரை மீறி எழுந்தது என்று ஆய்வுக் கட்டுரை வாசிப்பீர்கள். இங்கே செய்தால் இழுவை. ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும், நம் பட்டறைக்காரர் அங்கே செய்ததையும் விபத்து என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு அவர் பாரபட்சம் இல்லாதவர்.

உடனே அர்க்கலைக் கொண்டுவருவீர்கள், தெரியும். 1989இல் தொடங்கிய ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ சிகாகோவில் வாழும் ஒரு காவலரின் குடும்பக் கதை. பக்கத்து வீட்டு அசட்டுப் பையனாக, ஒரே ஓர் எபிசோடுக்கு என்று வந்த ஸ்டீவ் அர்க்கல் முழுத் தொடரையும் எடுத்துக்கொண்டான். அந்த வீட்டின் கடைக்குட்டி ஜூடி நான்காவது சீசனோடு காணாமல் போனாள், அவள் எங்கே என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் வளர இன்னொருவரை அழித்தது அசிங்கம்தான், அதை நான் எந்த இடத்திலும் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அது அர்க்கல் வளர்ந்ததன் குற்றமா, ஜூடியை யாரும் பார்க்காததன் குற்றமா? பார்க்கவேண்டும் என்றுதானே நான் தொடக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு மதுக்கூடத்தில் நடக்கும் ‘சியர்ஸ்’ தொடரில் 1984இல் நாயகியின் காதலனாக வந்த பிரேசியர் கிரேன், தனித் தொடர் கண்டு 2004 வரை நின்றார், அதற்காக அந்த மதுக்கூடத்தில் இருந்த யாரையும் காணாமல் போக்கவில்லை.

நாவலாசிரியர்கள் முன்கூட்டியே திட்டமிடுகிறார்களே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நாவல் எழுதுகிறவர்களிடமே கேளுங்கள்.

டிஆர்பிக்காக இழுக்கிறீர்களே என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஆம், இழுக்கிறோம். ‘பிரேக்கிங் பேட்’ 62 எபிசோடுகளை ஐந்து சீசன்களாக, 2008 முதல் 2013 வரை பிரித்து எழுதினார்கள். எழுத்தாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு எபிசோடையும் அட்டை அட்டையாகச் சுவரில் ஒட்டிப் பேசி முடித்த பிறகுதான் எழுதவே போனார்கள். நாங்கள் அந்த 62ஐ மூன்று மாதத்துக்குள் கடந்துவிடுவோம். காலையில் விளக்குகள் எரிந்து ஆர்ட்டிஸ்டுகள் மேக்கப்போடு உட்கார்ந்திருக்கும்போது, சீன் பேப்பர் பக்கத்து அறையில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அந்த அவசரத்திலும் ஒரு மனிதர் மானிட்டரின் மூலையில் தட்டு அடுக்கும் ஓர் அம்மாவைப் பார்த்தார் என்பதுதான் எனக்கு வியப்பு. உங்களுக்குச் சிரிப்பு.

சொந்தக் காயத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று ஒரு நண்பர் நேற்றே எழுதிவிட்டார். இருக்கட்டும். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது "சீரியலுக்கு எழுதுறாரு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறவன் நான். அப்படிச் சொல்கிறவர்களின் வீட்டில் இரவு எந்த அலைவரிசை ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். நெட்ஃபிளிக்ஸில் பார்த்தால் கலை, அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தால் குப்பை என்று தீர்ப்பெழுதுகிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம், சிரிப்பதற்கு முன்னால் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று பாருங்கள் என்பதுதான். வேலைக்காரி கதாநாயகி ஆனாள் என்று நீங்கள் கைதட்டியது ஓர் எழுத்தாளரை மட்டும் நோக்கி அல்ல. ஒரு பெண்ணின் உழைப்பையும் சேர்த்துத்தான்.

அந்த அம்மாவின் பாத்திரம் வளர்ந்ததே தவிர அவருடைய கூலி வெகுகாலம் வளரவில்லை. கூட்டிக்கேட்டபோது தயாரிப்பு நிர்வாகி, ஊருக்குப் போய்விட்டதாக ஒரு வசனம் எழுதினால் உங்கள் கதை முடிந்தது என்று எங்கள் எதிரிலேயே சொன்னார். அந்த வசனத்தை அண்ணன் எழுத மறுத்துவிட்டார். அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதை அவர் அனுமதி இல்லாமல் நான் எழுதமுடியாது. அளந்து வைத்த திட்டத்தை மதிக்கும் ஓர் எழுத்தாளராக இருந்திருந்தால், இரண்டாம் நாள் மாலையே அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பியிருப்பார், யாருக்கும் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

பட்டறையின் அடுத்த அமர்வு துணைப் பாத்திரங்களைப் பற்றியதாம், அறிவிப்பு பார்த்தேன். நான் சொன்ன அம்மா இப்போது ஒரு பிற்பகல் சீரியலில் மாமியாராக நடித்துக்கொண்டிருக்கிறார். வேண்டுமானால் அவரைப் பேசக் கூப்பிடுங்கள். முன்பணத்தை அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள், தினக்கூலிக்கு அவர் இப்போது வருவதில்லை.