அடிமை என்று சொல்லக்கூடாதாம்

அமெரிக்கச் சிறைகளில் கைதிகளிடம் கட்டாய வேலை வாங்குவது அடிமைத்தனம்தான் என்று நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழே ஒரே கூத்து. கைதிகளிடம் வேலை வாங்குவதை அடிமைத்தனம் என்றால் நிஜ அடிமைகளை அவமதிக்கிறேனாம். பாடம் எடுத்தவர் நெருங்கிய நண்பர். அதற்கு இத்தனை இதயக்குறி வேறு.

அந்த வார்த்தை என்னுடையதில்லை சாமி. 1865-இல் வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தைப் படியுங்கள். அடிமைத்தனமும் கட்டாய ஊழியமும் கூடாது, குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் தவிர. அந்தத் 'தவிர'வைப் பிடித்துக்கொண்டுதான் தெற்கு மாநிலங்கள் கறுப்பினக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமாவில் 1928 வரைக்கும். லூசியானாவின் அங்கோலா சிறை ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த தோட்டம். இன்றும் அதே மண்ணில் கைதிகள் காய்கறி பறிக்கிறார்கள், மணிக்குச் சில சென்ட் கூலிக்கு. டெக்சாஸில் அதுவும் கிடையாது.

"அப்போ சும்மா உட்கார வைத்துச் சோறு போடணுமா?" யார் சொன்னது? வேலை கொடுங்கள், தாராளமாக. மாட்டேன் என்று சொல்ல முடியுமா, அதுதான் என் கேள்வி. சொன்னால் தண்டனைக் குறைப்பு போகும், வீட்டுக்குப் போன் பேசுவது போகும், சில இடங்களில் தனிமைச் சிறை. மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலைக்கு நீங்களே ஒரு நல்ல பெயர் வையுங்களேன்.

"திருடு கொடுத்தவனிடம் போய்ச் சொல்" என்றும் ஒருவர். நானே திருடு கொடுத்தவன்தான் ஐயா. கார் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிப் போனார்கள், பாஸ்போர்ட் உட்பட. இருக்கை இடுக்கில் கண்ணாடித் தூள் மாதக்கணக்கில் கிடந்தது, குழந்தையை உட்கார வைக்கும் ஒவ்வொரு முறையும் கையால் தடவிப் பார்ப்பேன். வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவன் கூலியில்லாமல் வயலில் குனிந்தால் என் பாஸ்போர்ட் வந்துவிடுமா?

2024 நவம்பரில் இந்தத் 'தவிர'வை மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்ற கேள்வி நெவாடாவிலும் எங்கள் கலிபோர்னியாவிலும் ஓட்டுக்கு வந்தது. அங்கே வாக்குச்சீட்டில் 'அடிமைத்தனம்' என்ற சொல் இருந்தது, ஜெயித்தது. இங்கே 'கட்டாய ஊழியம்' என்று மட்டும் போட்டார்கள், தோற்றது. ஊரெல்லாம் நீலக் கட்சி, அதாவது ஜனநாயகக் கட்சி, என்று பீற்றிக்கொள்ளும் கலிபோர்னியாவில்! சொல் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் ஏன் எல்லாருக்கும் இப்படிக் குத்துகிறது?

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. நண்பருக்கு உண்டு. 'வேண்டாம்' என்று குத்தியதை அந்த வாரமே எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.