குரூப்பை மியூட் பண்ணவும் முடியலை

எங்க கும்பகோணத்துப் பள்ளிக்கூட சிநேகிதனுங்க வாட்ஸ்அப் குரூப் இருக்கே, தூங்கவே விடாது. ஏப்ரல் பொறந்தா டொராண்டோக்காரனுக்கு ஐஸ் ஹாக்கி ப்ளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டச் சுற்று) ஜுரம். அங்கே ராத்திரி ஏழு மணி ஆட்டம்னா நமக்கு விடிகாலை நாலரை. அவன் ‘கோல்ல்ல்’னு கத்துறது என் தலைமாட்டுல டிங் டிங். சட்டுனு முடியுமா? ப்ளேஆஃப்ல சமன்ல நின்னா ஆளுக்கொரு ஷாட் அடிச்சு முடிவு கட்டுற ஷூட்அவுட் கிடையாது. எவனாவது கோல் போடுற வரைக்கும் 20 நிமிஷம், 20 நிமிஷமா இழுப்பாங்க. ஒரு தொடருக்கே ஏழு ஆட்டம் வரைக்கும் போகும்!

அவனாவது ஜூன்ல ஓஞ்சுடுவான். தஞ்சாவூர்க்காரன் வருஷம் பூரா. பெரிய கோயில் விமானத்தைச் சாயங்கால வெயில்ல எடுத்துட்டு அப்படியே தட்டி விடுவான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்புடான்னா காதுல வாங்கமாட்டான். சிற்பமெல்லாம் கலங்கி வரும். கேட்டா, ‘லென்ஸ் விலை தெரியுமா?’ம்பான். (தெரியும். மாசாமாசம் சொல்றான்.)

திருவையாறு ஆராதனை வந்தா இன்னும் மோசம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீன்னு பஞ்சரத்னத்தை அத்தனை வித்வான்களும் சேர்ந்து பாடுறாங்க. தஞ்சாவூர்க்காரன் ஸ்பீக்கர் பக்கத்துல போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். பின்னாடி இருக்கிறவங்களுக்கு மேடை தெரியாது. வந்த வீடியோவுல பாட்டு முழுக்கக் கரகர. பக்கத்து மாமா தொடையில தாளம் போடுறது மட்டும் துல்லியம்.

மியூட் பண்ணிடலாம்தான். ஆனா மேட்டூர்ல தண்ணி திறந்த சேதி முதல்ல வர்றதும் இந்தப் பாழாப்போன குரூப்லதானே!