அந்த வெள்ளைக் குட்டி என்ன ஜாதி?

ஐந்து நாய்க்குட்டிகளின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஓடையிலிருந்து எடுத்தது, படம் போட்டது, நாலு குட்டிக்கு வீடு கிடைத்தது, கடைசி வெள்ளைக் குட்டியை ஒரு தம்பி வந்து வாங்கிப் போன அன்று நான் ஆனந்தக் கண்ணீரோடு பதிவு போட்டது, நீங்கள் எல்லோரும் ஹார்ட் விட்டது. மூன்றாம் நாள் அதே அட்டைப்பெட்டியில் அது திரும்பி வந்ததும் தெரியும். அவர் வாசலில் நின்று சொன்ன காரணத்தைத்தான் நான் இதுவரை எழுதவில்லை. "வீட்டுக்கு வாறவன் போறவன் எல்லாம் இது என்ன ஜாதின்னு கேக்கான் க்கா. சொல்லுகதுக்கு ஒரு மாதிரி இருக்கு."

புதன்கிழமை அவர் போட்ட பதிவில் ஹஸ்கி நாய்க்குட்டி. நீலக் கண். முப்பதாயிரமாம். இப்போது சொல்வதற்கு ஒரு மாதிரி இருக்காது.

சைபீரியாவில் பனியில் வண்டி இழுத்த நாய் அது, உடம்பில் இரண்டு அடுக்கு ரோமம். நம்ம ஊர் மே மாதப் புழுக்கத்தில், ராத்திரி கரண்டு போனால் அது என்ன செய்யும்? ஏசி இருக்கிறதே என்கிறார்கள். அந்த வீட்டில் வயதான அம்மாவுக்கு ஏசி கிடையாது, அது வேறு விஷயம், நான் தலையிடவில்லை.

எனக்கு ஹஸ்கியோடு சண்டை இல்லை, அது கேட்டா இங்கே வந்தது. ஓடையில் கிடந்த குட்டியைச் சும்மா கொடுத்தால் வேண்டாம், காசு கொடுத்தால்தான் நாய் என்கிற அந்த எண்ணத்தோடுதான் சண்டை.

நீ மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. 2011இல் நானும் வாங்கினேன். மகன் லேப்ரடார் குட்டி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான், திருவனந்தபுரம் போய் எட்டாயிரம் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். களியக்காவிளை தாண்டுவதற்குள் என் சேலையில் இரண்டு தடவை ஒன்றுக்குப் போனது. மூன்றாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்தமாக வயிற்றால் போனது. பார்வோ, குட்டிகளைக் கொல்கிற வைரஸ் நோய். டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, இது ஐந்து வாரம்கூட இருக்காது, தாயிடமிருந்து பிரித்திருக்கவே கூடாது என்றார். விற்றவரைக் கூப்பிட்டால், வாசல் தாண்டினால் எங்கள் பொறுப்பு இல்லை என்று வைத்துவிட்டார். நாலு நாள் டிரிப் ஏற்றினோம். ஐந்தாம் நாள் தென்னை மூட்டில் குழி தோண்டினோம். மகன் அதன் கழுத்துப் பட்டையை இன்னும் வைத்திருக்கிறான்.

அப்போது எனக்கு எதுவும் தெரியாது. இப்போது 2017இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நாய் வளர்த்து விற்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குட்டி வாங்கப் போன இடத்தில் பதிவுச் சான்றைக் காட்டுங்கள் என்று கேட்டவர்கள் கையைத் தூக்குங்கள். தாய் நாயைக் காட்டச் சொன்னீர்களா? அதுவும் இல்லை. டிவி விளம்பரத்தில் பக் நாயைப் பார்த்தோம், தெருவுக்குத் தெரு பக் வந்தது. நசுங்கின மூக்கால் அது மூச்சுக்கு முக்குவதைக் குறட்டை என்று ரசித்து வீடியோ எடுத்தோம்.

"தெருநாயைக் கொண்டாடுகிறாயே, கடிபட்டவனிடம் போய்ப் பேசு" என்று வழக்கமாக வருகிறவர் இந்நேரம் டைப் செய்துகொண்டிருப்பார். அண்ணே, கடிபட்டவர்களின் பயம் நியாயம், வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் அப்புறம் பிழைப்பதே அபூர்வம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி போட்டு, கருத்தடையும் செய்த குட்டி எப்படித் தெருநாய் ஆகும்? தெருவில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான் கணக்கு. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி நாய்கள் வழக்கில் திருத்திச் சொன்ன உத்தரவிலேயே, விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், மறுபடி தெருவில் விடக் கூடாது என்று இருக்கிறது. அட்டைப்பெட்டித் தம்பி அதையும் படிக்க வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்ற நம்ம நாட்டு நாய் வகைகள் எல்லாம் அழிந்து போகட்டுமா என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நல்ல கேள்வி. ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலையே வந்தது. பொறுப்பாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குங்கள், எனக்கு முழுப் பதில் இல்லை. ஆனால் நம்ம ஊரில் வாங்கினது ஹஸ்கி, கோம்பை இல்லை.

என் காசு என் இஷ்டம் என்கிறவர்களுக்குப் பதில் இல்லை. இஷ்டம்தான்.

அந்த வார்த்தைதான் போக மாட்டேன் என்கிறது. ஜாதி. தமிழில் நாய்க்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம் பாருங்கள், ஜாதி நாய், நாட்டு நாய். தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் மாரை மறைக்கத் தோள்சீலை போட்டதற்கு அடிவாங்கி, 1859 வரை போராடி உத்தரவு வாங்கின ஊர் இது. எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுங்கள் என்று ஐயா வைகுண்டர் சாமித்தோப்பில் முத்திரிக்கிணறு வைத்த ஊர். அந்த ஊரில் வீட்டுக்கு வருகிறவன் நாயைப் பார்த்து ஜாதி கேட்கிறான், இவருக்குக் கூச்சமாக இருக்கிறது! கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது என்னைப் பற்றியும் இதே மாதிரி நாலு பேர் நாலு விதமாக விசாரித்தார்கள், அந்தக் கதை இப்போது வேண்டாம். எங்கேயோ போய்விட்டேன்.

வெள்ளைக் குட்டி இதை எழுதும்போது என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பெட்டைதான், கடுவன் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதற்காகவும் இரண்டு பேர் வேண்டாம் என்று போயிருக்கிறார்கள். சாளை மீன் தலை போட்டுப் பிசைந்த சோறு தின்னும். அடுத்த ஊசி சனிக்கிழமை.

சற்று முன் அந்தத் தம்பி போன் செய்தார். எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன், எடுத்துவிட்டேன். ஹஸ்கிக்கு நேற்றிலிருந்து வாந்தியாம், தண்ணீர்கூட நிற்கவில்லையாம், எந்த டாக்டர் நல்லது என்று கேட்டார். நம்பர் கொடுத்து, நாளைக்கு என்று வைக்காதே, இப்பவே தூக்கிக்கொண்டு போ என்றேன். குட்டிக்கு எத்தனை வாரம் என்று கேட்டேன்.

தெரியாதாம்.