ஷமி பயந்துபோய் எழுந்தார் என்பது அவர் சொன்னது இல்லை
2023 கிரிக்கெட் உலகக் கோப்பையில் இலங்கையுடன் மும்பை வான்கடே மைதானத்தில் ஆடியபோது இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஷமி சஜ்தா (முஸ்லிம்கள் நெற்றியைத் தரையில் வைத்து வணங்குவது) செய்யப் போய், கூட்டத்துக்குப் பயந்து பாதியில் எழுந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. ஐந்தாவது விக்கெட் விழுந்ததும் மூச்சு வாங்க, முட்டி போட்டுக் கையைத் தரையில் ஊன்றினார், அவ்வளவுதான். அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். அந்த டிசம்பரில் ஒரு டிவி பேட்டியில் அவரே விளக்கினார்: களைப்பில் உட்கார்ந்தேன், சஜ்தா செய்ய நினைத்திருந்தால் யார் தடுத்திருக்க முடியும், நான் முஸ்லிம் என்பதைப் பெருமையாகவே சொல்வேன் என்று. 18 ரன்னுக்கு 5 விக்கெட், இலங்கை 55க்கு ஆல் அவுட், அதையெல்லாம் விட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றபடி, 2021ல் பாகிஸ்தானிடம் தோற்றதும் அவரை மதத்தைச் சொல்லித் திட்டியது நிஜம், கோலியே அதைக் கண்டித்துப் பேசினார். அதை எழுதுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.