குறைந்துவிட்டது என்கிறார்கள், எங்கே போனார்கள்?

போன கிழமை கம்பஸில் படிக்கிற பெறாமகன் வந்திருந்தான். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க, போனை நீட்டி ஒரு வரைபடம் காட்டினான். இலங்கையில் இருந்து வெளியேறி வேறு நாடுகளில் அகதியாக இருப்பவர்களின் தொகை, வருடம் வருடமாக. 2009 முடிவில் ஏறத்தாழ 145,000. 2013 முடிவில் 123,000 அளவு. அதற்குப் பிறகும் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. "பாத்தியளே சின்னம்மா, சனம் திரும்பி வருகுது" என்றான்.

சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை. போர் முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து விட்ட நாள் தொட்டு நான் ஊரில்தான் இருக்கிறேன். அந்த வருடங்களில் திரும்பி வந்த குடும்பங்களுக்குப் படிவம் நிரப்புகிற வேலைதான் பார்த்தேன். எங்கள் ஒழுங்கைக்கு அப்போது கடல் கடந்து திரும்பி வந்தது ஒரே ஒரு குடும்பம். ஒழுங்கை முழுக்க வெறும் காணிகள். அப்படியிருக்க அந்தக் கோடு எப்படி இறங்கியது?

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து ஒழுங்கையின் வீடுகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன். மன்னாரில் அடம்பன் பக்கம், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணி பாய்கிற வயல் ஓரம், 83க்கு முந்தி 17 வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில், அந்த வீட்டுச் சனம் உலகத்தின் கணக்கில் இன்று எந்தப் பெயரில் இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன்.

முதல் வீடு மூத்த அண்ணரோடு படித்தவரின் வீடு. அவர் 80களின் கடைசியில் கனடாவுக்குப் போனார். அகதிக் கேஸ் போட்டார், ஏற்றுக்கொண்டார்கள், சில வருடத்தில் சிற்றிசன் ஆனார். சிற்றிசன் ஆனால் சட்டப்படி அகதி இல்லை, அகதித் தொகையில் ஒன்று குறையும். அவர் ஊருக்கு வந்தது தாயின் செத்த வீட்டுக்கு மட்டும், இரண்டு கிழமை. இன்று அவருக்கு அங்கே பேரப்பிள்ளைகள். அவர் கனடாக்காரர் ஆனதில் எனக்கு மனம் நிறைந்த சந்தோஷம். ஆனால் கணக்கில் விழுந்த அந்த ஒன்றை "திரும்பி வந்தார்" என்று யாரும் வாசிக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மேற்கு நாடுகள் பலவற்றில் இத்தனை அகதிகள் இன்று இருக்கிறார்கள் என்று காட்டும் பதிவேடே கிடையாது. அப்படியான நாடுகளுக்கு ஐ.நா.வின் அகதிகள் நிறுவனமான யூஎன்எச்சிஆர் ஒரு மதிப்பீடு போடும். எங்கள் தறப்பாள்களில் நீல எழுத்தில் பார்த்துப் பழகிய அதே யூஎன்எச்சிஆர்தான். கடந்த 10 வருடங்களில் அகதியாக ஏற்கப்பட்டவர்களைக் கூட்டி வருவதுதான் அந்த மதிப்பீடு. அப்படியென்றால் 1999 இல் ஏற்கப்பட்ட ஒருவர், பத்து வருடம் முடிய, தன் வாழ்க்கையில் ஒன்றும் மாறாமலே அந்தக் கூட்டலில் இருந்து கழன்றுவிடுவார். அதே வீடு, அதே வேலை, அதே பயம். யூஎன்எச்சிஆர் இதை ஒளிக்கவில்லை, அறிக்கையின் அடிக்குறிப்பில் எழுதியே வைக்கிறது. வரைபடத்தை வெட்டி எடுத்துப் பகிர்கிறவர்கள் அடிக்குறிப்பை விட்டுவிடுகிறார்கள்.

குளத்தை வைத்துச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். மாரி முடிந்தால் எல்லோரும் கேட்பது, "குளம் எத்தினை அடி?" போன மாதத்தை விட நாலு அடி குறைவு என்று ஒருவர் சொன்னால், துருசு திறந்து வயலுக்குப் பாய்ந்ததா, கட்டு உடைந்து ஓடியதா, வெயிலில் வற்றியதா என்றுதான் அடுத்ததாகக் கேட்போம். அடிக்கணக்கை மட்டும் கேட்டுவிட்டு விதைக்கப் போகிற கமக்காரன் இங்கே இல்லை. அகதிக் கணக்கை வாசிக்கும்போது மட்டும் ஏன் அதைக் கேட்க மறக்கிறோம்?

பிரான்ஸுக்குப் போன பெடியனின் வீடு அடுத்தது. கேஸ் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில் அவன் "புகலிடம் கோருபவர்" என்ற நிரலில் இருந்தான். இந்த நிரல் விசித்திரமானது. முடிவு சொல்ல ஒரு நாடு இழுத்தடித்தால் தொகை ஏறும், கெதியாக முடிவு சொன்னால் இறங்கும். இலங்கையில் நிலைமை மாறியதா இல்லையா என்பதற்கும் அந்த ஏற்ற இறக்கத்துக்கும் பல வேளை சம்பந்தமே இருக்காது. அவன் கேஸை பிரான்ஸின் அகதி அலுவலகமான ஒப்ராவும் தள்ளியது, அப்பீலிலும் தள்ளினார்கள். அன்றோடு அந்த நிரலில் இருந்தும் போனான். அகதியும் இல்லை, கோருபவரும் இல்லை, திரும்பியவரும் இல்லை. ஒரு கோப்பிக்கடைக் குசினியில் விசா இல்லாமல் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். தாய் இங்கே கோயிலுக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். கணக்கில் அவன் குறைந்த வருடம்தான் அந்தக் குடும்பத்தின் ஆகக் கஷ்டமான வருடம்.

இந்தியாக் கணக்கு வேறு மாதிரி. இந்தியா 1951 ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடாத நாடு. முகாம் பதிவு அரசாங்கத்தின் கையில்தான். இந்திய உள்துறை அமைச்சின் கணக்கில் 1983 ஜூலையில் இருந்து 2012 ஆகஸ்ட் வரை போய்ச் சேர்ந்தவர்கள் 304,269 பேர். 1995 மார்ச் வரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 99,469 பேர். அதற்குப் பிறகு அந்த அரசு ஒழுங்குபடுத்தித் திருப்பி அனுப்பவில்லை. மிச்சப் பேர் முகாம்களிலும் வெளியிலுமாக வாழ்ந்தார்கள், பலர் அங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போனார்கள், பலர் அங்கேயே செத்தும் போனார்கள். பிள்ளைகளும் பிறந்தார்கள். எங்கள் ஒழுங்கை மாமா ஒருவரின் பேத்தி அங்கே முகாமில் பிறந்து, அங்கேயே படித்து, இன்று இருபது வயது தாண்டிவிட்டாள். இலங்கை மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் "இலங்கை அகதி" என்ற தொகையில் அவள் ஒருத்தி. 2021 இல் தமிழக அரசு முகாம்களின் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. நல்ல மனதோடு செய்தது, நான் வரவேற்கிறேன். அவளுக்குக் குடியுரிமை மட்டும் இன்னும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையில் இருந்து போனவர்களுக்கு இடமில்லை.

திரும்பி வந்த அந்த ஒரே குடும்பம் ஒரு மாமியுடையது. 1990 இல் பேசாலையில் இருந்து வள்ளம் ஏறி, மண்டபத்தில் பதிந்து, பிறகு உள்ளே ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்டவர். 2011 இல் கட்டுநாயக்காவில் வந்து இறங்கினார். நான்தான் படிவம் நிரப்பினேன். வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்ரிக் கதிரை. மாமியின் மடியில் ஒரு புடவைக்கடைப் பை, அதற்குள் பொலித்தீனில் சுற்றிய முகாம் குடும்ப அட்டை. மூலைகள் தேய்ந்து, மடித்த இடத்தில் ஸெலோரேப் ஒட்டி, மாமாவின் படத்தில் முகம் பாதி அழிந்து போயிருந்தது. மாமா அங்கேயே செத்துப் போனார். மாமி அட்டையைத் தராமல் தன் கையில் பிடித்தபடியே நம்பரைச் சொன்னார், பார்க்காமலே. இருபத்தொரு வருடம் பணக்கொடைக்கும் அரிசிக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய நம்பர். "நிரந்தர முகவரி" என்ற இடத்துக்கு வந்தபோது என் பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "எதைப் பிள்ளை எழுதப் போறாய்? இருபத்தொரு வருசம் இருந்ததையோ, இந்தப் பத்தைக் காணியையோ?"

அவரின் கடைசி மகன் அங்கே பிறந்தவன். இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் கையில். இலங்கைப் பிரசை என்று பதிந்து, பிறகு அடையாள அட்டை எடுக்கும்வரை அவன் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். அட்டை இல்லாமல் சோதனை எழுத முடியாது, வேலைக்கும் போக முடியாது. அகதிக் கணக்கில் மாமியும் பிள்ளைகளும் அந்த ஒரு வருடம் "திரும்பிய அகதிகள்" என்று வருவார்கள். அடுத்த வருடம் அந்த நிரலிலும் இல்லை. வீடு கட்டினார்களா, காணிக்கு உறுதி கிடைத்ததா, திரும்பவும் வள்ளம் ஏறினார்களா என்று கேட்க அதற்குப் பிறகு எந்த அட்டவணையும் இல்லை.

திரும்பவும் ஏறினார்கள் என்பதும் உண்மை. 2022 மார்ச்சில், பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்ற நாட்களில், மன்னார் கரையில் இருந்து தனுஷ்கோடிப் பக்கம் ஆட்கள் போய் இறங்கத் தொடங்கினார்கள். அதே கடல், அதே மணல்திட்டு. அந்த வருடம் நவம்பரில் 303 பேரோடு ஒரு படகு வியட்நாம் பக்கம் தத்தளித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திரும்பி வர நினைப்பவர்களுக்கும் வழி லேசாக இல்லை. 2025 மே மாதம், யூஎன்எச்சிஆர் ஒழுங்கில் தமிழ்நாட்டில் இருந்து பலாலியில் வந்து இறங்கிய ஒரு வயோதிபரைப் பிடித்தார்கள். காரணம், அந்தக் காலத்தில் முறையான துறைமுகம் வழியாக நாட்டை விட்டு வெளியேறவில்லையாம். ஷெல் விழுகிற நேரம் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி வள்ளம் ஏறியவர் யார்? இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு முகாமில் இருக்கிற எந்தக் கிழவன் துணிந்து பெட்டி கட்டுவான்?

இனி மற்ற வீடுகள். எல்லை தாண்டாதவர்களின் வீடுகள். நாங்கள் மெனிக் பாமையும் "அகதி முகாம்" என்றுதான் சொல்வோம். சட்டத்தில் நாட்டை விட்டு வெளியேறியவர்தான் அகதி. ஆகவே 2009 இல் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு மேல் முட்கம்பிக்குள் இருந்த அந்த மாதங்களில், பெறாமகன் காட்டிய வரைபடத்தில் எங்களில் ஒருவர்கூட இல்லை. எங்களுக்கு வேறு நிரல், "உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்". 2012 செப்டெம்பரில் மெனிக் பாமை மூடியபோது அந்த நிரலும் விழுந்தது. கடைசியாக ஏற்றிய கேப்பாப்பிலவுச் சனத்தைச் சொந்தக் காணிக்கு விடவில்லை, அங்கே இராணுவம் இருந்தது. சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். முகாம் மூடியாயிற்று என்று உலகம் எழுதியது.

ஒழுங்கை முடக்கில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தையும் எழுதினேன். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்கள் போனது புத்தளத்துக்கு. எல்லை தாண்டவில்லை, அதனால் அவர்களும் அகதி இல்லை. பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, வாக்கும் அங்கேயே. அவர்களை விட்டுவிட்டு எங்கள் ஒழுங்கையின் கணக்கு சரி வராது. அவர்களை விட்டு எழுதினால் நானும் எண்ணை மறைத்தவள்தான்.

மூன்று வீட்டுக்கு முன்னால் பேனா நின்றுவிட்டது. அந்த வீடுகளில் சிலர் வெளிநாட்டிலும் இல்லை, புத்தளத்திலும் இல்லை, இங்கேயும் இல்லை. வன்னியில் இருக்கிறவர்களுக்கு எண் என்றால் என்ன என்று 2009 படிப்பித்துவிட்டது. ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கை, கடைசிப் போருக்குள் சுமார் 330,000 பேர் அகப்பட்டிருந்ததாகச் சொல்கிறது. அரசாங்கம் அதை விடப் பல மடங்கு குறைவாகச் சொன்னது. ஏப்ரல் 27 இல் உள்ளே 127,177 பேர் என்பது ஐ.நா.வின் மதிப்பீடு. 10,000 பேர்தான் என்றது அரசாங்கம். ஆளைக் குறைத்துச் சொன்னால் கப்பலில் வருகிற மாவும் மருந்தும் குறையும். கஞ்சிக்கு வரிசையில் நின்ற எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால் செய்தது ஒரு கழித்தல் கணக்குத்தான். கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், பதிவின்படி 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து பதிந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். பதில் வரவில்லை, 2021 இல் ஆண்டகையும் போய்விட்டார். எனக்கு அந்தக் கழித்தல்தான் பாடம். இரண்டு திகதி, இரண்டு பதிவு, யார் பதிந்தது என்ற விவரம், பிறகு நேரான ஒரு கேள்வி. அகதிக் கணக்கை எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது இவ்வளவுதான். தொகை குறைந்தால், பிரசாவுரிமை பெற்றதால் எத்தனை, செத்ததால் எத்தனை, தள்ளுபடியானதால் எத்தனை, உண்மையில் ஊருக்கு வந்ததால் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். பிரிக்க முடியாவிட்டால் "குறைந்துவிட்டது" என்று தலைப்புப் போடாதீர்கள். அந்தத் தலைப்பை ஏதோ ஒரு நாட்டு அதிகாரி தன் மேசையில் வைத்து, பிரான்ஸில் கோப்பை கழுவிய பெடியனைப் போல இன்னொருவனின் கேஸைத் தள்ளுவான்.

சனத்தொகைக் கணக்கெடுப்பும் எங்களுக்குத் துணைக்கு வராது. 1981க்குப் பிறகு முழு நாட்டையும் எண்ணியது 2012 இல்தான், 31 வருடம் கழித்து. மன்னார் மாவட்டத்தில் 1981 இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேருக்கு மேல், 2012 இல் 99,570 பேர். நாடு முழுக்கச் சனம் கூடிய காலத்தில் ஒரு மாவட்டம் சிறுத்துப் போனது. ஆள் இல்லாவிட்டால் வாக்கும் இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 2010 தேர்தலில் 9 பாராளுமன்ற ஆசனம், 2024 இல் 6. போனவர்களின் வெற்றிடம் அங்கேயும் தெரிகிறது.

இந்த மாதம் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு என் கொப்பியைக் கொண்டு போகிறேன். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒருவர் பொறுப்பெடுத்து இதேபோல் எழுதலாம் என்று கேட்கப் போகிறேன். வீடு, போன வருடம், போன வழி, இன்று எங்கே, என்ன விசாவில். எங்கள் கிராம அலுவலர் விதானையாரும் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். பெறாமகன் கொம்பியூட்டரில் ஏற்றித் தருவான்.

17 இல் 15 வீடு எழுதிவிட்டேன். மற்ற இரண்டும் ஒழுங்கையின் வயல் பக்கத்துக் கடைசி வீடுகள். ஒன்று 1985 இல் இந்தியாவுக்கு வள்ளம் ஏறியது, பிறகு தகவல் இல்லை. மற்றது அவுஸ்திரேலியாப் பக்கம் போனதாகக் கேள்வி. தெரிந்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். இரண்டு பக்கத்தையும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.