மாடி வீட்டு மீட்டர்

நாகர்கோவிலில் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு, ஒரு அறையும் சமையலறையும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நாங்கள் மூன்று பேர் அதில்தான். ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு பருவமழையும் இங்கே கொட்டும். ராத்திரி ஷீட்டில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கரண்டுக் காசைத்தான் தாங்க முடியவில்லை. தனி இணைப்பு வாங்காமல் உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் கீழ்வீட்டோடு நின்றுவிடுகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போடுவோம், 2017 வாடகைச் சட்டமே அதைக் கட்டாயம் என்கிறது என்றேன். "நம்பிக்கை இல்லன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க" என்றார் வீட்டுக்கார அண்ணன். பிள்ளையின் பள்ளிக்கூடம் இந்தத் தெருமுனையில். எங்கே போய்ப் பார்ப்பது?