முதல் மூன்று மாதங்களுக்கு அவர்களுக்கு எந்தப் பொறுப்பும் கொடுக்காதீர்கள்

அக்டோபர் வந்துவிட்டது. இம்மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று எல்லாக் கத்தோலிக்கப் பங்குகளிலும், அதாவது ஆலயச் சமூகங்களிலும், மறைபரப்பு ஞாயிறு கொண்டாடப்படும். 1926இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்திய அந்த நாளில், காணிக்கை எடுப்பதோடு, வடக்கே ஓராண்டு மறைப்பணித் தன்னார்வலராகப் போக விரும்பும் இளையோர் பெயர் கொடுக்கலாம் என்ற அறிவிப்பையும் எங்கள் பங்கில் வாசிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் பெயர் கொடுத்தவள் நான். பதினொரு மாதங்கள் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில், அருட்சகோதரிகள் நடத்தும் மாணவியர் விடுதி ஒன்றில் இருந்துவிட்டு வந்தேன். அனுப்புகிறவர்களிடமும் ஏற்றுக்கொள்கிறவர்களிடமும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. புதிதாக வரும் தன்னார்வலருக்கு முதல் மூன்று மாதங்கள் எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்காதீர்கள்.

ஈரோட்டில் ஆலப்புழை–தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறி, இரண்டு இரவுகள் பயணம் செய்து ராஞ்சியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் கும்லா சேர்ந்தபோது என் பெட்டியில் ஆங்கில எழுத்துகளும் படங்களும் கொண்ட சார்ட் அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. என்னை அனுப்பிய குழு மாதந்தோறும் நிழற்படங்களுடன் அறிக்கை கேட்டிருந்தது. அந்தப் படிவத்தில் 'செய்த பணிகள்' என்று ஒரு பெரிய கட்டம் உண்டு. அதை நிரப்பியாக வேண்டுமே என்ற பதற்றத்தில், வந்த மூன்றாம் நாளே மாலை ஐந்து மணிக்கு ஆங்கில வகுப்பு தொடங்கிவிட்டேன். பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. ஆர்வமில்லாத பிள்ளைகள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கான கீரையை ஆய்ந்து, அடிகுழாயில் தண்ணீர் இறைத்து வைக்க வேண்டிய நேரம் அது என்பதும், என் வகுப்பை முடித்துவிட்டு இருட்டில் அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரிய பத்து நாள்கள் ஆயின.

அதைவிடப் பெரிய பிழை சமையலறையில் நடந்தது. அங்கே சமையல் பொறுப்பில் இருந்த மூதாட்டியை எல்லாரும் ஆயோ என்றே அழைப்பார்கள். அங்குள்ள உராவ் பழங்குடியினர் பேசும் குடுக் மொழியில் அது அம்மாவைக் குறிக்கும் சொல். ஒரு நாள் அவர் வெளியே போயிருந்த வேளையில், உதவி செய்கிறேன் பேர்வழி என்று நானே உலைப்பானையைச் சாய்த்துச் சோறு வடித்தேன். வடிகஞ்சியை, எங்கள் வீட்டில் செய்வது போலவே, கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஆயோ திரும்பி வந்து பாத்திரத்தைத் தேடினார். தொட்டியைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கஞ்சிக்கு அங்கே மாட் என்று பெயர். உலர்த்திப் பொடித்த சக்கோட் கீரையை அதில் போட்டுக் கொதிக்க வைத்தால் அதுதான் அன்றைய குழம்பு. நான் மாட்டுக்கு ஊற்றியது விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரின் இரவுக் குழம்பை. அன்று எல்லாரும் சோற்றை உப்போடும் பச்சை மிளகாயோடும் சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தார்கள். அந்த முட்டையை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொசுவலைக்குள் தூங்குவது, ஜனவரிக் குளிரில் விடியற்காலைத் திருப்பலிக்கு எழுவது, மீன் வாசனையே இல்லாத நாள்கள் ஆகியவையெல்லாம் ஒரு கடற்கரைப் பெண்ணுக்குக் கடினமாக இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை உடம்பு தானாகப் பழகிக்கொள்ளும் சங்கதிகள். பழகாமல் முரண்டு பிடித்தது, நான் கொடுக்க வந்தவள் என்ற என் நினைப்புத்தான்.

அதை உடைத்தது ஜூலை மாதத்து ரோபா, அதாவது நாற்று நடவு. மிஷன் வயலில் பிள்ளைகளோடு நானும் இறங்கினேன். முழங்கால் வரை சேற்றில் புதைந்து, ஒரு காலை எடுத்தால் மறு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு, பத்து நிமிடத்தில் உட்கார்ந்தேவிட்டேன். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, செருப்போடு யாராவது வயலில் இறங்குவார்களா தீதி (அக்கா) என்று கேட்டு, அதைப் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். பிறகு நாற்றுக்கட்டுகளை எண்ணிக் கொடுத்தாள். மூன்றுக்கு மூந்த் என்றாள், நான்குக்கு நாஃக் என்றாள், அதற்கு மேல் அந்த வட்டாரத்தின் பொதுமொழியான சாத்ரிக்குத் தாவிவிட்டாள். நான் சேற்றிலேயே நின்று அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். குடுக் மொழி நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதும், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதைப் பேசுகிறார்கள் என்பதும் புறப்படும் முன் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. நீ என்பதற்கு நீன், கண்ணுக்கு ஃகன், பல்லுக்குப் பல்லேதான், வாய்க்குப் பாய். அன்று மாலையிலிருந்து பிள்ளைகள் எனக்கு ஆசிரியைகள் ஆனார்கள். அதற்குப் பிறகுதான், அவர்களே ஒரு நாள் கேட்டபோது, ஆங்கில வகுப்பு உண்மையில் தொடங்கியது.

ஊர் திரும்பியதும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்பதுதான். இந்தக் கேள்வி எனக்கு எரிச்சலூட்டுகிறது. நான் இருந்த பங்கில் மக்கள் நான்கைந்து தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள். பங்குத்தந்தையும் உராவ் இனத்தவரே. 1897இல் மேரி பெர்னதெத் கிஸ்போட்டா என்ற உராவ் பெண் ராஞ்சியில் தொடங்கிய புனித அன்னா புதல்வியர் சபை இன்றும் பணியாற்றுகிறது. அந்த மண்ணின் பிள்ளையான ராஞ்சிப் பேராயர் டெலஸ்போர் டோப்போ 2003இல் கர்தினால் ஆனார். இருட்டில் கிடக்கும் மக்களுக்கு விளக்கேந்திப் போவதாக நம் வழியனுப்பு விழாக்களில் மாலை போட்டுப் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கும் இந்த உண்மைகளுக்கும் காத தூரம். மாந்தர் எனப்படும் மேளம் ஒலிக்க, சிவப்புக் கரை வைத்த வெள்ளைப் புடவையில் பெண்கள் கைகோத்து ஆடியபடி காணிக்கைப் பவனி வந்த முதல் ஞாயிறன்று, விசுவாசத்தில் யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி எனக்கே எழுந்தது.

அந்த வட்டாரத்தின் வரலாறும் என் பக்கம்தான் பேசுகிறது. 1885இல் தோர்ப்பாவுக்குப் போன பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டா பழங்குடியினரின் முண்டாரி மொழியையும் நில வழக்குகளின் போக்கையும் கற்றுக்கொண்ட பிறகே, ஜமீன்தார்களின் கூடுதல் வசூலுக்கும் பேகாரி எனப்பட்ட கூலியில்லா வேலைக்கும் எதிராக மக்கள் நீதிமன்றம் ஏற வழிகாட்டினார். 1893இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 37. அவருக்குப் பின் வந்த ஜெர்மானியக் குரு ஹாஃப்மன், முண்டாக்களின் மொழியையும் நில உரிமை முறையையும் ஊன்றிக் கற்றவர். பழங்குடியினரின் நில உரிமையைக் காக்கும் 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்துக்கு அவருடைய அந்த அறிவு பயன்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 1711இல் மதுரை மிஷனுக்கு வந்த பெஸ்கி நம் மொழியைக் கற்று, வீரமாமுனிவராகி, நமக்கே அகராதி எழுதினார் என்று மேடைதோறும் பெருமைப்படும் நாம், நம் பிள்ளைகளை வடக்கே அனுப்பும்போது முப்பது நாள் ஹிந்திப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்து ரயிலேற்றிவிடுகிறோம்.

மூன்று மாதங்கள் பொறுப்பேதும் இல்லாமல் ஒருவருக்குச் சோறு போட யாரால் முடியும் என்று ஒரு சகோதரி என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அந்தச் செலவை அனுப்பும் மறைமாவட்டம் ஏற்க வேண்டும். மறைபரப்பு ஞாயிறன்று நம் காணிக்கையிலிருந்தே ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கக் கேட்டால் மக்கள் தருவார்கள் என்றே நினைக்கிறேன். சும்மா இருக்கச் சொல்லவும் இல்லை. தண்ணீர் இறைக்கட்டும், கீரை ஆயட்டும், நோயுற்ற பிள்ளையோடு மருத்துவமனை வரிசையில் நிற்கட்டும். வகுப்பு, முகாம், திட்டம் என்று தம் பெயரில் ஒன்றைத் தொடங்குவதுதான் வேண்டாம் என்கிறேன். இரண்டு வாரம், மூன்று வாரம் என்று கோடை விடுமுறையில் போய்ப் படமெடுத்துத் திரும்புவதைப் பயணம் என்று அழைக்கலாம், தவறில்லை. அதைத் தன்னார்வப் பணிக் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை.

அனுப்பும் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு படிவத்தை அச்சிடும் முன், முதல் மூன்று மாதங்களுக்கான தாள்களில் 'செய்த பணிகள்' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், அந்த மாதம் கற்ற சொற்கள் எவை, அவற்றைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று எழுதச் சொல்லுங்கள். நிழற்படம் ஒட்டுவதற்கான இடமும் தேவையில்லை.